பச்சை உடம்புக்குத் தண்ணி ஆகாதா? சோழவந்தான் பக்கத்துத் தலைச்சன் பிரசவம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 23. தலைச்சன் பிரசவம். சுகப்பிரசவம்தான்; பிள்ளையின் தலை இறங்கும் நேரத்தில் பிறப்புறுப்பின் ஓரத்தைக் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு தையல் போட்டிருந்தார்கள். ஆண் குழந்தை, 2.8 கிலோ. பிரசவத்துக்குப் பிறகு தாயின் ஹீமோகுளோபின் 9.8. மூன்றாம் நாள் அரசின் 102 வாகனத்தில் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மதுரை மாவட்டம் வாடிப்பட்டி வட்டத்தில், சோழவந்தானைத் தாண்டி இருக்கும் சின்ன ஊர். ஒரு பக்கம் தென்னை, இன்னொரு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். சித்திரை கடைசி, கத்திரி வெயில் தொடங்கியிருந்தது.

கிராம சுகாதாரச் செவிலியராக நான் அவளைப் பார்த்தது நான்காம் நாள் காலை. பெயரும் ஊரும் இங்கே இல்லை. அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். இதில் அபூர்வமான நோய் எதுவும் கிடையாது. பிள்ளை பெற்று வீட்டுக்கு வரும் பெண்கள் பலருக்கும் இருக்கிற சாதாரண உடம்பு வலிதான் இவளுக்கும் இருந்தது. ஆனால் அவள் வலிக்கிறது என்று காட்டிய இடம் ஒன்று, வலியைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்த இடம் வேறு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவள் சொன்னது

"தையல் பிரிஞ்சிருச்சு போல நர்சம்மா. உக்காரவே முடியல. ஒண்ணுக்குப் போனா மொளகாப்பொடி வச்சாப்புல எரியுது."

சுவரில் கையூன்றி நின்றுகொண்டே சொன்னாள். கேட்கக் கேட்க மற்றதெல்லாம் வந்தது. மார் இரண்டும் கல் மாதிரி இறுகிவிட்டன. பிள்ளை காம்பைக் கவ்வுகிறான், விட்டுவிட்டு அழுகிறான். முதுகும் இடுப்பும் கழன்று விழுவது போல வலி. முந்தின நாள் குளித்துவிட்டு வந்ததும் கண் இருட்டி, அம்மா தாங்கிப் பிடித்திருக்கிறார். பிரசவத்துக்கு அப்புறம் வெளிக்குப் போகவே இல்லை. இதை அவள் கடைசியாகத்தான் சொன்னாள், அதுவும் கேட்ட பிறகு. பத்துக்கு எத்தனை வலி என்றேன். "எட்டு இருக்கும். ஒண்ணுக்குப் போறப்ப பத்து."

மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைப் பை சாமி படத்துக்குக் கீழே அப்படியே இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போயிருந்தது. பாராசிட்டமால் அட்டையில் ஒன்றுகூட உடைக்கவில்லை. "அது சூடு, பால் வழியா பிள்ளைக்கு இறங்கிரும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

முதலில் ஒதுக்க வேண்டியவை

பிள்ளை பெற்றவள் வலி என்றால், வெந்நீர் ஒத்தடத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது சில உண்டு. காய்ச்சல் இல்லை. நாடி 88, இரத்த அழுத்தம் 110/70. கர்ப்பப்பை தொப்புளுக்குக் கீழே இறங்கி, தொட்டால் உருண்டையாகக் கெட்டிப்பட்டிருந்தது. உதிரப்போக்கு பழுப்புச் சிவப்பு, நாற்றமில்லை. கெண்டைக்கால் இரண்டும் ஒரே அளவு. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ இருந்தால் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று உடனே மருத்துவமனையில் பார்த்தாக வேண்டும். தலைவலி, பார்வை மங்கல் எதுவும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகும் இரத்த அழுத்தம் ஏறலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது, அதனால் இதைத் தனியாகவே கேட்பேன்.

அடுத்தது தையல். திரைச்சீலை போட்டு, நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். விளிம்புகள் இரண்டும் ஒட்டியிருந்தன. கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் கன்றிய நிறம். சீழ் இல்லை, சிவப்பு பரவவில்லை. ஒரு பக்கம் மட்டும் பந்து போல வீங்கி விண்விண் என்று தெறித்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அதுவும் இல்லை. தையல் பிரியவே இல்லை. ஆனால் மேலே மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவியிருந்தார்கள். ஆசனவாயில் சின்னதாக ஒரு மூலம் தள்ளியிருந்தது.

உதடு வெடித்திருந்தது. சிறுநீர் நாளுக்கு மூன்று தடவை, கடும் மஞ்சள். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டேன். பதில் அம்மாச்சியிடமிருந்து வந்தது. "பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி குடுக்கலாமா? நாக்கு நனைக்க வெந்நி குடுக்குறோம்ல." அரை டம்ளர், சோற்றுக்குப் பின்னால். கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பால் சுரந்துகொண்டிருக்கும் உடம்புக்கு.

அதே வீட்டில் பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சங்கில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்கள், வெயிலுக்குத் தொண்டை காயும் என்று. ஆறு மாதம்வரை எந்த வெயிலிலும் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் தேவைப்படாத பிள்ளை. தண்ணீர் ஆள் மாறிப் போய்க்கொண்டிருந்தது.

ஒன்றை ஒன்று இழுத்த வலிகள்

அவள் சொன்ன வலிகளை வரிசையாக எழுதினால் ஆறு ஏழு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து என்று போனால் வீடு கடையாகிவிடும். கோத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் சுண்டிக் காரமாகும். அது தையலில் பட்டு எரிகிறது. எரிச்சலுக்குப் பயந்து அவள் அடக்குகிறாள், அவளாகவும் குடிப்பதைக் குறைக்கிறாள். நிரம்பிய மூத்திரப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளிவிடும், அது சரியாகச் சுருங்க முடியாமல் அடிவயிற்று வலியும் உதிரப்போக்கும் கூடும். குடலுக்கும் தண்ணீர் இல்லை. பத்தியம் என்று சோறு, பூண்டுக் குழம்பு, கருவாடு. காயும் கீரையும் பழமும் கிடையாது. மேலே இரும்புச் சத்து மாத்திரை வேறு, அது பலருக்கு மலத்தை இறுக்கும். முக்கினால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம் இதோடு சேர்ந்தது. மலம் இறுக இறுக உள்ளிருந்து தையலை அழுத்துகிறது, மூலமும் தள்ளுகிறது.

உட்கார்ந்தால் வலிப்பதால் ஒரு பக்கப் பிட்டத்தில் சாய்ந்து, முதுகை வளைத்துப் பால் கொடுத்தாள். முதுகு வலிக்கு அது போதும். பிள்ளைக்கும் மார் சரியாக எட்டாமல் காம்பின் நுனியை மட்டும் கவ்வினான். காம்பு புண்ணானது. வலிக்குப் பயந்து கொடுக்கும் தடவை குறைந்தது, சர்க்கரைத் தண்ணீரால் பிள்ளையின் பசியும் மந்தமானது. மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் பால் பெருகி இறங்கும் நேரம் பார்த்து, குடிக்க ஆளில்லாமல் மார் கட்டிக்கொண்டது. பிள்ளையின் எடை 2.6 கிலோ. முதல் சில நாளில் கொஞ்சம் குறைவது இயல்புதான், பத்தில் ஒரு பங்கைத் தொட்டால்தான் கவலை. ஆனால் போகிற போக்கு நல்லதாக இல்லை.

ஆக, தையல் நன்றாகத்தான் ஆறிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி இருந்ததெல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அம்மாச்சியோடு பேச்சு

அந்த வீட்டில் முடிவெடுப்பவர் அம்மாச்சி. அவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தால், நான் தெருமுனை தாண்டுவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"அஞ்சு பெத்தவ நானு. அத்தனையும் வீட்லதான். தண்ணி குடிச்சா வகுறு பெருத்துப்போகும், புண்ணு ஆறாம சீக்கோக்கும்."

"ஒங்க புண்ணு தானா ஆறுனது அம்மாச்சி. இவளுக்கு அறுத்துத் தச்சிருக்கு. அப்ப நீங்க இந்த இரும்பு மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாம் ஏது அப்ப."

"அந்த மாத்திரை வகுத்துல கல்லாட்டம் கட்டும். அதைக் கரைக்கத்தான் தண்ணி. வெறுந்தண்ணி வேணாம், சீரகம் போட்டுக் காச்சி ஆறவச்சுக் குடுங்க."

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் வெற்றிலை போட்டார். அப்புறம், "சீரகத் தண்ணின்னா சரி, அது மருந்துதான்" என்றார். எனக்கு அது போதும். எந்தப் பெயரில் போனாலும் உள்ளே போகவேண்டியது தண்ணீர்.

அந்த வீட்டின் வழக்கங்களில் பெரும்பகுதியை நான் தொடவே இல்லை. முதுகிலும் இடுப்பிலும் வெந்நீர் ஊற்றுவது தசைக்கு இதமானது. நல்லெண்ணெய் தடவி அம்மா கால் பிடித்துவிட்டார், அதுவும் நல்லதே. மதுரை கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் சாமான் வாங்கி இடித்த பிள்ளைபெத்த மருந்து இருந்தது: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய். சுண்டைக்காயளவு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். நெல்லிக்காயளவு மூன்று வேளை என்பதைக் காலையில் மட்டும் என்று குறைத்துக்கொண்டோம், வயிறு காந்துகிறது என்று அவளே சொன்னதால்.

மாற்றச் சொன்னவை சில. வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதித்த அண்டாவிலிருந்து மொண்டு அடிவயிற்றிலும் தையலிலும் அடித்து ஊற்றுவது வேண்டாம். முழங்கையை விட்டுப் பார்த்துச் சூடு பொறுக்கிற தண்ணீர் போதும். உட்கார்ந்து குளிக்கட்டும், கூட ஒரு ஆள் நிற்கட்டும். கண் இருட்டியதற்குக் காரணம் அந்தச் சூடும், வற்றிய உடம்பும், குறைந்த இரத்தமும். வயிற்றில் சேலையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வயிறு உள்ளே போகும் என்று கட்டுவது. இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே, தையல் போட்ட தசையின் மேல் இறங்குகிறது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்டினால் நடக்கும்போது இடுப்புக்குத் தெம்பாக இருக்கும். அதோடு விட்டுவிட்டோம்.

மூன்றை முழுவதும் நிறுத்தச் சொன்னேன்: தையலில் மஞ்சள், எண்ணெய், திருநீறு என்று எதையும் வைப்பது, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை, பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர். புகை விஷயத்தில்தான் அம்மாச்சிக்கு வருத்தம். பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது என்றதும் சங்கடத்தோடு தூபக்காலை எடுத்து வெளியே வைத்தார்.

தண்ணீரும் மலமும்

பிள்ளை பால் குடிக்கும் ஒவ்வொரு தடவையும் தாய்க்கு ஒரு டம்ளர். நாளுக்குப் பத்துத் தடவை பால் என்றால் 200 மில்லி டம்ளரில் இரண்டு லிட்டர் வந்துவிடும். ரசம், கஞ்சி, பால் எல்லாம் சேர்ந்தால் மூன்று லிட்டரை நெருங்கும். கணக்கு வைக்கத் தனியாக நோட்டு வேண்டாம், பிள்ளையே ஞாபகப்படுத்துவான்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் எளிதாக உள்ளே வந்தன. இரண்டும் பால் சுரக்க நல்லது என்று அம்மாச்சிக்கே நம்பிக்கை உண்டு. வாழைப்பழம் குளிர்ச்சி என்று நின்றது. உலர்ந்த திராட்சையை இரவில் ஊறப்போட்டுக் காலையில் தண்ணீரோடு கொடுக்கச் சொன்னேன், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. நான்கு நாள் இறுகிய மலத்துக்குக் கீரை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் போனில் கேட்டேன். இரவில் 15 மில்லி லாக்டுலோஸ் கொடுக்கச் சொன்னார். அது குடலில் தண்ணீரைப் பிடித்து மலத்தை இளக்குகிற மருந்து, பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம். இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, 9.8 வைத்துக்கொண்டு அதை நிறுத்த முடியாது. கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னேன். சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது.

மலம் கழிக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தேன். மடித்த சுத்தமான துணியைத் தையலின் மேல் வைத்து, உள்ளங்கையால் லேசாகத் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். மூச்சைப் பிடித்து முக்காமல், வாயைத் திறந்து மூச்சை விட்டுக்கொண்டே போக வேண்டும். வீட்டில் இருந்தது குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை. அப்படி உட்கார்ந்தால் தையல் கிழியாது, அந்த நிலை மலம் இறங்கச் சுலபமும்கூட. உட்கார்ந்து எழப் பிடிமானம் வேண்டுமென்று அவளுடைய அண்ணன் அன்று மாலையே சுவரில் ஒரு குழாய்த் துண்டை அடித்துக் கொடுத்தான். நான் கேட்டு நடந்ததல்ல. ஆண்களுக்கு இந்த விஷயங்கள் தெரியக்கூடாது என்று நாமாக ஒதுக்கிவைக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தையலுக்கு

முதல் ஒன்றிரண்டு நாளில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கமும் வலியும் நன்றாகக் குறையும். இங்கே அந்தக் கட்டம் தாண்டியிருந்தது. தாண்டாவிட்டாலும் "சன்னி வந்துரும்" என்று விட்டிருக்க மாட்டார்கள். அதனால் வெதுவெதுப்பான நீரில் உட்காருவதை எடுத்துக்கொண்டோம். இதற்கென்றே ஓர் அகலமான பிளாஸ்டிக் டப், வேறு எதற்கும் தொடக்கூடாது. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்து ஆறிய நீரை இடுப்பு முங்கும் அளவு ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம். நாளுக்கு மூன்று தடவை, அதில் ஒன்று கட்டாயம் வெளிக்குப் போய் வந்த பிறகு. டெட்டால் வேண்டாம், அது புண்ணில் எரிச்சலைத்தான் கூட்டும். உப்பும் அவசியமில்லை. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைக்கட்டுமா என்றார்கள். நன்றாகக் கொதித்து வடிகட்டினால் சரி, ஆனால் வேலையைச் செய்வது வெதுவெதுப்பு என்றேன். எழுந்ததும் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது.

அவளுக்கு உடனே வித்தியாசம் காட்டியது ஒரு சொம்புத் தண்ணீர். சிறுநீர் கழிக்கும்போதே வெதுவெதுப்பான நீரை முன்னாலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தால் சிறுநீர் நீர்த்துப்போய் எரிச்சல் குறையும். செலவில்லை, மருந்தில்லை. நான் அங்கே இருக்கும்போதே போய்வந்தாள். "எரியலையே" என்று ஆச்சரியமாகச் சொன்னாள். அன்று மற்றதையெல்லாம் அவள் கேட்டதற்கு அந்தச் சொம்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பழைய வேட்டித் துணியைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வெட்கப்பட்டுப் பாவாடைக்கு அடியில் நிழலில் காயவைத்தார்கள். சோப்பில் துவைத்து நேர் வெயிலில் காயவேண்டும். கத்திரி வெயிலுக்கு அந்த ஒரு நன்மையாவது இருக்கட்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், நனையாவிட்டாலும்.

உட்காருவதற்கு நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வாங்கட்டுமா என்று கணவர் திருப்பூரிலிருந்து போனில் கேட்டார். அது சுற்றிலும் அழுத்தி நடுவில் இரத்தம் தேங்கவைக்கும் என்பதால் நான் சொல்வதில்லை. மடித்த கம்பளி போதும். பாராசிட்டமால் 650 மில்லி கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, முதல் மூன்று நாளுக்கு வலி வரக் காத்திராமல் நேரம் பார்த்துப் போடச் சொன்னேன். தாய்ப்பாலில் இறங்குவது மிகச் சொற்பம். காய்ச்சல் வந்த கைக்குழந்தைக்கு டாக்டர்கள் கொடுப்பதும் இதே மருந்தைத்தான் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா சமாதானமானார். இது போதாவிட்டால் ஐபுப்ரோபென் உண்டு, பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கக்கூடாது. அவை பிள்ளையை மயக்கத்தில் தள்ளலாம்.

மாருக்கு, அப்புறம் மல்லிகைக்கு

பால் கட்டிய மாருக்கு முதல் மருந்து பிள்ளை. நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, இரவிலும். ஆனால் இறுகிய மாரில் காம்பு தட்டையாகிப் பிள்ளையால் கவ்வ முடியாது. அதற்கு முன் சில நிமிடம் வெந்நீரில் பிழிந்த துணியை வைத்து, கருவளையத்தைச் சுற்றி விரலால் அழுத்தி, கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சிவிட்டால் அந்த இடம் இளகும். அப்புறம் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தையலில் அழுத்தம் இல்லை, முதுகுக்கு ஓய்வு, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியது. வாயை அகலத் திறந்ததும் கருவளையத்தோடு சேர்த்துக் கொடுத்தாள். "படுத்துக்கிட்டுக் குடுத்தா காதுல பால் போயிருமே" என்றார் அம்மா. பிள்ளையின் தலையைத் தாயின் கையில் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் போதும், தாய் தூங்கிவிடாமல் யாராவது பக்கத்தில் இருந்தால் போதும் என்றேன். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் தளர்ந்தது.

குடித்து முடித்ததும் மாருக்குக் குளிர்ச்சி வேண்டும். பிரிட்ஜ் ஐஸ் என்றால் அந்த வீட்டில் கலவரமாகியிருக்கும். மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணிக்கு மறுப்பு வரவில்லை. முட்டைக்கோஸ் இலை வைப்பதும் சிலருக்குக் கேட்கிறது. இங்கே முட்டைக்கோஸ் "வாயு" என்று சமையலறைக்கே வராது, அதனால் பேச்சை எடுக்கவில்லை. அம்மாச்சி வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, விளக்கில் வாட்டி மாரில் போட்டிருந்தார். கொடிக்கால் ஊரில் வெற்றிலைக்கா பஞ்சம். அதன் இளஞ்சூடு வெந்நீர்த் துணி செய்யும் வேலையையே செய்யும். கையில் வைத்துச் சூடு பார்த்துப் போடுங்கள், பிள்ளைக்குக் கொடுக்குமுன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கிளம்பும் நேரத்தில்தான் எதிர்வீட்டுப் பெரியம்மா, பூக்கட்டுகிறவர், ஒரு பந்து மல்லிகையோடு வந்தார். "மார்ல வச்சுக் கட்டுங்க தாயி, ராத்திரிக்குள்ள கட்டு கரைஞ்சிரும்." அன்பாகத்தான் சொன்னார். கட்டு கரையும் என்பதும் உண்மை. பாலும் சேர்ந்து வற்றும் என்பதுதான் பிரச்சினை. பிள்ளை தவறிப்போன தாய்க்கும், பால் மறக்கடிக்கும் தாய்க்கும் மல்லிகை வைத்துக் கட்டுவது பழைய வழக்கம். இது வெறும் நம்பிக்கை இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பால் சுரப்பை நிறுத்துவதற்கு மல்லிகைப்பூவையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து 1988-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டிலும் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இறங்கியது. மாத்திரையில் இறக்கம் அதிகம் என்றாலும், பால் நின்றதில் பூ பின்தங்கவில்லை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியும் அதே இனம்தான். சித்திரை வைகாசியில் பூ வரத்து கூடி விலை இறங்கும் நேரம், கைக்கு வெகு சுலபமாகக் கிடைக்கும்.

பெரியம்மாவிடம், "தலைக்கு வச்சுவிடுங்க, மாருக்கு வேணாம்" என்றேன். காரணத்தைச் சொன்னதும், "ஆமா, எங்க சின்னவ பால் மறக்கடிச்சப்ப இதான் கட்டுனோம்" என்று அவரே ஒப்புக்கொண்டார். தெரிந்த விஷயம்தான், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதுகு, பின்வலி

முதுகுக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை. படுத்துக் கொடுப்பதும், உட்கார்ந்தால் சுவரில் சாய்ந்து மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை மாருக்கு உயர்த்துவதும் போதுமானதாக இருந்தது. பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் இழுக்கிற பின்வலி தலைச்சனுக்கு லேசாகத்தான் இருக்கும், இரண்டாவது மூன்றாவது பிரசவத்தில் கூடும். பிள்ளை சப்பும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கர்ப்பப்பையைச் சுருக்குவதால் வருவது. ஒரு வாரத்தில் அடங்கும். பால் கொடுக்குமுன் சிறுநீர் கழித்துவிட்டால் கொஞ்சம் குறையும்.

ஐந்தாம் நாள் இரவு

மறுநாள் இரவு அண்ணனிடமிருந்து போன். உடம்பு சுடுகிறது, 100.2 இருக்கிறது. பால் கட்டினால் லேசான காய்ச்சல் வரலாம், ஒரு நாளுக்குள் போய்விடும். அதற்காகப் போனிலேயே பால் காய்ச்சல் என்று முடிவு கட்டிவிட முடியாது. பிரசவித்தவளுக்குக் காய்ச்சல் என்றால் கர்ப்பப்பை, தையல், சிறுநீர், மார் நான்கையும் ஒருவர் பார்த்தாக வேண்டும். 108-க்குக் காத்திருக்கும் அளவுக்கு அவசரம் தெரியவில்லை. ஆட்டோவில் கூட்டிப்போகச் சொன்னேன். அம்மாச்சிக்கு ராத்திரியில் பச்சைப் பிள்ளையை வெளியே எடுப்பதில் சம்மதமில்லை, ஆனாலும் கூடவே போனார். டாக்டர் பார்த்தார். மாரில் ஓரிடம் மட்டும் சிவந்து கொதிக்கவில்லை, உதிரத்தில் நாற்றமில்லை, சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை. தொடர்ந்து பால் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். விடிகாலையில் 98.6.

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று முதல் நாளே காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்திருந்தேன்: காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், ஒரு துணி ஒரு மணி நேரத்தில் முழுக்க நனைந்தால், எலுமிச்சை அளவுக் கட்டி விழுந்தால், உதிரம் நாறினால், தையலில் சீழ், பிளவு, கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் இறங்காமல் போனால், ஒரு காலில் வீக்கம், தலைவலியோடு பார்வை மங்கல், மூச்சுத் திணறல், வலிப்பு, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காத மனநிலை. அன்று காய்ச்சல் 100.4-ஐத் தொடவில்லைதான், ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் போன் செய்தேன் என்றான் அண்ணன். சந்தேகம் மட்டும் என்றால் 104 சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.

அப்புறம் நடந்தது

லாக்டுலோஸ் கொடுத்த மறுநாள் சாயங்காலம் மலம் கழித்தாள். அழுதுகொண்டே போனாள், சிரித்துக்கொண்டு வந்தாள் என்று அம்மா சொன்னார். ஏழாம் நாள் நான் பார்த்தபோது பத்துக்கு மூன்று என்றாள், பெரும்பாலும் மூலத்தில்தான். மார் இளகியிருந்தது, காம்புப் புண்ணில் அவளுடைய பாலையே தடவி ஆறவிட்டிருந்தாள். பாராசிட்டமாலைத் தேவைப்பட்டால் மட்டும் என்று மாற்றினோம். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்கியதால் எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் தையலுக்கென்று நாங்கள் செய்தது வெதுவெதுப்பான தண்ணீரும் சுத்தமும் மட்டுமே.

இரண்டாம் வாரத்தில் இன்னொரு சிக்கல். சொந்தக்காரர்கள் பிள்ளை பார்க்க வந்த அன்று நாள் முழுக்க நின்று, ஒரு குடம் தண்ணீரும் தூக்கியிருக்கிறாள். மங்கியிருந்த உதிரம் மறுபடி சிவந்தது. இரண்டு நாள் படுத்ததும் குறைந்தது. படுக்கையில் இருந்தபடியே கீழ்த்தசையைச் சுருக்கி விடும் பயிற்சியை அப்போது தொடங்கினாள்: சிறுநீரை அடக்குவது போல உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது, ஒரு நேரத்துக்குப் பத்துத் தடவை. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யக்கூடாது. தையல் போட்ட இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடும், பின்னால் இருமும்போது சிறுநீர் கசிவதும் குறையும். பதினான்காம் நாள் பிள்ளை 2.9 கிலோ.

மூன்றாம் வாரம் துணியில் நூல் துண்டு கிடக்கிறது என்று அம்மா பதறிப்போய்க் கூப்பிட்டார். கரையும் நூல், முடிச்சு தானே விழும் காலம் அது. பார்த்தேன், கோடு ஆறி ஒட்டியிருந்தது.

ஆறாம் வாரம் டாக்டர் பரிசோதித்தார். தழும்பு ஆறிவிட்டது, ஓரத்தில் கொஞ்சம் இறுக்கம் மட்டும் இருந்தது; அது தளர இன்னும் சில வாரம் ஆகலாம். மூலம் சுருங்கியிருந்தது. காப்பர்-டி பற்றிக் கேட்டுக்கொண்டு, கணவர் ஊருக்கு வந்ததும் முடிவு செய்வதாகச் சொன்னாள். ஹீமோகுளோபின் 10.6. இரும்புச் சத்து மாத்திரை 180 நாள்வரை தொடரவேண்டும், கூடவே சீரகத் தண்ணீரும்.